ஓப்பநாயக்கவில் பூக் கட்டிப் பார்த்தது

உள்ளி வியாபாரிக்குக் கண்ணீர் புதிதல்ல. ஆகையால் அக்கா அழுதபோது நான் அசையவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு, சுடலைமுத்து மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தால்தான் இனி இந்த வீட்டில் எனக்குச் சோறு என்று அவள் சொன்னதும், அன்றைக்கே துணியை மூட்டை கட்டிவிட்டேன். கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளை நான். மூன்று வேளையும் அக்கா வீட்டில்தான் இலை விழுகிறது. மற்றவர்கள் இலங்கைக்குப் பிழைக்கப் போகிறார்கள். நான் சாப்பாட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் போனேன்.

சுடலைமுத்து எங்களுக்குப் பெரியப்பா மகன் முறை. நாங்குநேரிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து சின்ன வயதிலேயே போனவர், ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாகிவிட்டார். அவர் மகள் பேச்சி, என் அக்கா மகன் இசக்கிமுத்துவுக்கு முறைப்பெண். பெண்ணைப் பார்ப்பது, பேசி முடிப்பது, ஊருக்கு அழைத்து வருவது, மூன்றும் என் பொறுப்பு. "நீ ஒண்ணும் கவலைப்படாதே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். நான் இப்படிச் சொன்ன பிறகு ஊரில் பலர் கவலைப்படத் தொடங்கியிருக்கிறார்கள்.

வழிக் கதை வேண்டாம். கடலைத் தாண்டினேன்; கடலும் நானும் ஒருவருக்கொருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரிப் பக்கம் போகிற ரயிலைப் பார்த்தபோது, பெரிய ரயிலின் குட்டி என்று நினைத்தேன். தண்டவாளம் அத்தனை ஒடுக்கம். எதிரே உட்கார்ந்தவரின் முழங்கால் என் முழங்காலோடு உறவு கொண்டாடியது. வளைவுகளில் வண்டி தன் வாலைத் தானே எட்டிப் பார்த்தது.

எஹலியகொடயில் தொப்பி வைத்த ஒரு கடைக்காரர் ஏறினார். அங்கே முஸ்லிம்களான சோனகரை 'நானா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என் காலடிச் சாக்கைப் பார்த்து என்னவென்று கேட்டார். சம்பந்தி வீட்டுக்கு எங்கள் ஊர் உள்ளி கொண்டுபோகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாளாம். மருந்துக்கு நல்ல உள்ளி தேடித்தான் அலைகிறாராம், கடையில் இருப்பதெல்லாம் சொத்தையாம். கொஞ்சம் தரமுடியுமா என்றார். தாராளமாக என்றேன். உடனே தூக்குச் சட்டியைத் திறந்து வட்டிலப்பம் எடுத்து நீட்டினார். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்தது. அதைச் சாப்பிட்டவன், உலகத்தில் வேறு பண்டங்கள் இருக்கின்றன என்பதையே மறந்துவிடுவான். நான் மறந்தேன், சட்டியின் அடி தெரிந்தபோதுதான் நினைவு வந்தது.

பிறகு சாக்கின் வாயை அவிழ்த்தேன். அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சாக்கைப் பார்த்தார்.

"இது வெங்காயமல்லவா?"

"உள்ளிதான் நானா. முதல் தரம்."

"உள்ளி எண்டா வெள்ளப்பூடு தம்பி."

எங்கள் ஊரில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். அந்த ஊரில் பூண்டு. பெட்டியே சிரித்தது. வட்டிலப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலையில் நான் இல்லை. ஆனால் நானா கோபப்படவில்லை. வெங்காயத்தையே ஒரு சுளகளவு வாங்கித் துண்டில் கட்டிக்கொண்டு, நான் எதற்காகப் போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். துண்டின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார்.

"ஒரு சொல்லே கடலத் தாண்டினா வேற சாமானாப் போகுது," என்றார். "நீங்க ஒரு புள்ளயத் தாண்ட வெக்கப் போறீங்க. யோசிச்சுச் செய்ங்க தம்பி."

நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவன் வியாபாரத்துக்கு ஆகமாட்டான் என்பது என் கொள்கை. நான் வியாபாரத்துக்கு ஆகாததற்கு வேறு காரணங்கள் உண்டு.

இரத்தினபுரியைத் தாண்டியதும் எங்கோ மண் சரிந்து வண்டி நின்றது. மழை என்றால் நம் ஊர் மழையல்ல. நம் ஊரில் மழை விருந்தாளி. இங்கே அது வீட்டு ஆள். எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது வெளியே போகும் என்றுதான் கேட்கிறார்கள். இறங்கி ஒரு சிங்களக் கடையில் ரொட்டி வாங்கினேன். தொட்டுக்கொள்ள வெங்காயம் வேண்டும். வெங்காயத்துக்குச் சிங்களத்தில் நானா சொல்லிக்கொடுத்திருந்த சொல்லை நம்பி, 'லுணு, லுணு' என்று மிடுக்காகக் கேட்டேன். கடைக்காரி ஒரு பிடி உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். வெங்காயத்துக்கு 'லூ' என்று நீட்டவேண்டுமாம், குறுக்கினால் உப்பாம். ஆயுள் முழுக்க வெங்காயத்தை எடை போட்டவன், அந்தச் சொல்லை அளவு குறைத்துக் கொடுத்துவிட்டேன். உப்பைத் தொட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

ஓப்பநாயக்கவில் இறங்கி மலையேறினேன். வழியில் அட்டைகள் என்னை வரவேற்றன. எனக்கு முன்னால் என் இரத்தம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கோடி வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண் என் காலைப் பார்த்து, ஒரு துண்டு சவுக்காரத்தை எடுத்து வந்து அட்டைமேல் தேய்த்தாள். அது சுருண்டு விழுந்தது.

"பிச்சு எடுத்தீங்கன்னா புண்ணாயிரும் சித்தப்பா. இதுங்களுக்கு மரியாதை கொடுத்துத்தான் எறக்கணும்."

என்னை யாரென்று சொல்வதற்கு முன்பே சித்தப்பா என்கிறாளே என்று கேட்டேன். மலையேறும்போது இத்தனை சத்தமாக 'முருகா' சொல்கிறவர் அத்தை வீட்டு ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்றாள். இவள்தான் பேச்சி. பெயரை வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சுடலைமுத்து அண்ணன் கோட்டுப் போட்டு, குடை பிடித்து, பெரிய மனிதராக வந்தார். ஊரைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும் கோட்டுக்குள் இருந்தவர் சிறு பையனாகிவிட்டார். தோட்டத்தில் எல்லோரும் அவரைக் கங்காணி என்கிறார்கள், ஊரில்தான் சுடலை என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளிருக்கிற இடத்தில் மகள் வாழவேண்டும் என்றார். அவள் போனால் ஒருநாள் தானும் போவார். இதில் இரண்டாம் பேச்சில்லை.

இரண்டாம் பேச்சு அடுப்படியிலிருந்து வந்தது. தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் தட்டில் வைத்துக்கொண்டே அண்ணன் மனைவி மாடத்தி மதினி, அவ போகமாட்டேங்கிறா தம்பி என்று மெல்லச் சொன்னார். சொந்த ஊருக்குப் போக என்ன பயம் என்று அண்ணன் அதட்டினார். பேச்சி தேத்தண்ணீரை என் முன்னால் வைத்தாள், கடித்துக்கொள்ளக் கித்துள் மரத்துக் கருப்பட்டி ஒரு துண்டு.

"எனக்கு இதுதானேப்பா ஊரு," என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் நான் என் திறமையைக் காட்டத் தொடங்கினேன். அழுகின உள்ளியை அடியில் போட்டு நல்லதை மேலே பரப்புகிறவன், ஒரு ஊரை விற்கமுடியாதா? கோயில், தேர், கருப்பட்டி, காற்று என்று அடுக்கினேன். கொழுந்துக் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டவள், மழை எப்போது பெய்யும் என்றாள். ஐப்பசி, கார்த்திகையில் என்றேன்.

"மத்த மாசம்?"

"மத்த மாசம் மழையைப் பத்திப் பேசிக்கிட்டு இருப்போம்."

"கெணறு ஆழமோ?"

"கயிறு நெறைய இருக்கு, தாயி."

சிரித்தாள். அப்புறம் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, இசக்கிமுத்து எப்படி என்று கேட்டாள். அலங்காரமாகச் சொல்ல நினைத்தேன். வாயில் உண்மை வந்துவிட்டது. போன கோடையில் உள்ளிக் காட்டில் ஒரு வரிசை விதைத்தண்டு விட்டுப் பூத்துவிட்டது. தண்டின் உச்சியில் சின்னக் குடையை விரித்தாற்போல் வெள்ளைப் பூ. பூத்த உள்ளி விலை போகாது, உடனே பிடுங்கியாகவேண்டும். பூத்து நிற்பதை எப்படிப் பிடுங்குவது மாமா என்று அவன் அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டான். தேனீ வந்தது, உள்ளி போனது. அக்கா ஒரு வாரம் திட்டினாள். இப்படி ஒரு மாப்பிள்ளை என்று சொல்லி முடித்ததும், காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேச்சி கழுவிக் கவிழ்த்த கூடையை நிமிர்த்தி மறுபடி கழுவத் தொடங்கினாள். 

அடுத்த நாள் பொழுதுபோக்கத் துரை பங்களாத் தோட்டத்துக்குப் போனேன். தோட்டக்காரர் சூசை, வரிசையாகப் பெரிய சிவப்புப் பூக்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். இலை வாள் போல. தண்டு மொட்டையாக நீண்டு, உச்சியில் நாலு பக்கமும் ஊதுகுழல் வைத்தாற்போல் பூ. பெயர் 'அமரவல்லி' என்றார். துரைசாணி வாயில் அது வேறு மாதிரி 'லிஸ்' என்று முடியுமாம்; லயத்து வாயில் அம்மன் பெயராகிவிட்டது. கொத்தி எடுத்து வைத்திருந்த ஒரு கிழங்கைக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோல்மேல் தோல், கழுத்து, அடியில் தாடி. நம்முடைய உள்ளியேதான், ராட்சதப் பிறவி. தண்டின் உச்சியில் குடை பிடித்துப் பூப்பதும் அப்படியே. வெங்காயம், பூண்டு, இந்த அமரவல்லி எல்லாம் ஒரு தாத்தா பேரன்கள் என்று சூசைக்கு விளக்கினேன். அவர் தலையாட்டினார். கிழங்கு விஷயத்தில் எனக்குத் தெரியாததில்லை என்பதை நிரூபிக்க, சந்தையில் செய்கிற பழக்கத்தில், கழுத்தை அமுக்கி, மோந்து, ஒரு ஓரத்தைக் கடித்தேன்.

அன்று பிற்பகல் முழுவதும் துரை பங்களாவின் பின்பக்கத்து வேலியோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற என்னைப் பார்த்திருக்கலாம். ஒரே குடும்பத்தில் ஒருவன் சோறு போடுவான், ஒருவன் மருந்து கொடுப்பான், ஒருவன் அழகாக உடுத்திக்கொண்டு நிற்பான், கிட்டப் போனால் கடிப்பான். நம் பங்காளிகளைப் பார்த்தே இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு தீர்மானம் ஆகியிருந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் நின்று அலுத்துப்போன மதினி, பூக் கட்டிப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். மாரியம்மன் முன்னால் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் பேச்சி ஊருக்குப் போகிறாள், கல்யாணம். சிவப்பு வந்தால் நான் தனியாகப் போகிறேன், பேச்சோடு சரி. அண்ணன் ஒத்துக்கொண்டார். பேச்சியும், ஆத்தா சொன்னா சரி என்றாள். ஒருமுறைதான் கேட்கலாம், மறுத்துக் கேட்டால் அம்மனுக்குக் கோபம்.

வழக்கமாக வெள்ளரளியும் செவ்வரளியும் வைப்பார்கள். அந்த மழையில் கோயிலடி அரளியெல்லாம் அழுகித் தொங்கியது. பூசாரி, இரண்டும் ஒரே மாதிரிப் பூவாக, ஒரே கனமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் கைக்கே தெரிந்துவிடும் என்றார். நான் முன்னால் வந்தேன். பூ கொண்டுவருவது என் பொறுப்பு. இந்தக் குடும்பத்துப் பூக்களைப் பற்றி எனக்கு அனுபவம் இருக்கிறது என்றேன். மதினி என் வயிற்றைப் பார்த்தார்.

அமரவல்லியைத் தொடமுடியாது, துரைசாணி காலையும் மாலையும் பூவை எண்ணுவாளாம். ஒன்று குறைந்தால் சூசையின் வேலை போகும். ஓடைக்கரையில் 'தொலபோ' இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சிங்களவர்கள் சுளுக்குக்கு இலையை வாட்டிக் கட்டுவார்களே, அது. எங்கள் ஊரில் விஷமூங்கில் என்பார்கள். அதுவும் அமரவல்லிக்குப் பங்காளிதான், வெள்ளைப் பூ. சரி, சிவப்புக்கு எங்கே போவது? மலைக்குப் போகக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்த பேச்சி திரும்பினாள்.

"பாலத்துக்குக் கீழ பாருங்க சித்தப்பா. அதே மாதிரிச் செடி, செவப்பு மொட்டு நிக்கும்."

நின்றது. குங்குமத்தில் தோய்த்தெடுத்தாற்போல் விரல் நீள மொட்டு. கரையின் மேல்பக்கத்தில் அதன் வெள்ளைப் பங்காளி. காலையில் இரண்டையும் மொட்டாகவே பறித்தேன். மொட்டுதான் கனம் மாறாது, உதிராது என்று வழியில் பார்த்த எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். பூசாரி முன்னால் வாழையிலையில் மடித்து நார் கட்டினேன். இரண்டிலும் வெள்ளையையே வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அக்கா வீட்டுச் சாதம் கண்முன்னால் வந்தது. ஆனால் பூசாரி என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆகவே யோக்கியனாகவே இருந்துவிட்டேன். பொட்டலங்கள் நாள் முழுவதும் அம்மன் காலடியில் இருந்தன.

சாயங்காலம், மலையிலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகு, கோயிலில் கூட்டம். யாருக்கும் யாரையும் பார்க்கத் தைரியமில்லை. அண்ணன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மதினி கண்ணை மூடியிருந்தார். பேச்சி மட்டும் நேராக அம்மனைப் பார்த்து நின்றாள். கைகளைக் கூப்பியிருந்த விதத்தில் நகம் வெளுத்திருந்தது. பொட்டலங்கள் காலையில் நான் கட்டியதைவிடக் கொஞ்சம் உப்பியிருந்தாற்போல் எனக்குப் பட்டது. அம்மன் இறங்கியிருப்பாள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

லயத்துக் குழந்தை ஒன்று தத்தித் தத்திப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தது. பூசாரி பிடுங்கி நாரை அவிழ்த்தார். இலை தானாக விரிந்தது.

உள்ளே என் சிவப்பு மொட்டு இல்லை. அகலமாக மலர்ந்த ஒரு வெள்ளைப் பூ இருந்தது. ஒவ்வொரு இதழின் நடுவிலும், நுனியிலிருந்து அடிவரை, ஒரு சிவப்புக் கோடு.

"வெள்ளை," என்றார் அண்ணன்.

"செவப்பு," என்றார் மதினி.

மற்றப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அதுவும் மலர்ந்திருந்தது, மருந்துக்கும் சிவப்பில்லாத வெள்ளை. அப்படியானால் வந்தது சிவப்புதான் என்றது பாதிக் கூட்டம். கண்ணால் பார்ப்பது வெள்ளையாக இருக்கும்போது சிவப்பென்று எப்படிச் சொல்வது என்றது மீதி. எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அந்தி சாய்ந்தால் இந்த மொட்டு விரியும், வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்பது கிழங்கு தெரிந்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. எந்தச் சந்தையிலும் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தால் வெள்ளை விலைதான் என்று வாதாடினேன். பூசாரி இது சந்தையல்ல என்றார். மறுபடி கேட்க வழியில்லை. அண்ணன் முகம் இறுகியது. இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அவர் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த நொடியில் சொல்லியிருப்பார்.

பேச்சி குனிந்து பூவை எடுத்தாள்.

"நீங்க ஒரு கேள்வியாப்பா கேட்டீங்க? கல்யாணம் ஆகணுமான்னு ஒண்ணு, கடல் தாண்டணுமான்னு ஒண்ணு. ரெண்டையும் சேத்து முடிஞ்சு வெச்சீங்க, ஆத்தாவும் சேத்தே பதில் சொல்லிட்டா." இதழை விரலால் நீவினாள். "பூ வெள்ளை. அவரக் கட்டிக்கிறேன். நடுவுல கோடு போட்டுருக்கா பாருங்க. தாண்டாதேன்னு."

 பூசாரி பூவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம், அப்படித்தான் இருக்கும்போல என்றார். முதலில் மதினிதான் சிரித்தார், அழுதுகொண்டே.  அண்ணன் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப மாப்புள்ளய வரச் சொல்லு தம்பி. இங்கயும் என்னை சுடலைன்னு கூப்புட ஒரு ஆள் வரட்டும்," என்றார். மாமனாரை மருமகன் பெயர் சொல்லிக் கூப்பிடுவானா என்று யாரும் அப்போது கேட்கவில்லை.

புறப்படுகிற அன்று பேச்சியிடம் கேட்டேன். பாலத்தடிப் பூ சாயங்காலம் எப்படி விரியும் என்று உனக்கு முன்பே தெரியுமா? தினமும் அந்தப் பாலத்து வழியாகத்தான் மலையிலிருந்து இறங்குகிறேன் சித்தப்பா என்றாள். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. எந்தப் பொட்டலத்தைக் குழந்தை எடுக்கும் என்பது அவளுக்கும் தெரியாது. அதை மட்டும் அவள் அம்மனிடம் விட்டிருந்தாள். அந்தச் செடியின் கிழங்கொன்றைத் தோண்டிக் கொடுத்து, அத்தையிடம் கொடுங்கள் என்றாள். அப்புறம் அட்டைக்கு ஒரு துண்டு சவுக்காரம்.

ஊருக்குப் பெண்ணில்லாமல் கிழங்கோடு வந்தவனை அக்கா எப்படி வரவேற்றாள் என்பதை எழுதினால் அச்சுக்கு ஆகாது. இசக்கி நடந்ததைக் கேட்டுவிட்டு, பூவில் இருந்த சிவப்புக் கோட்டைப் பற்றி இரண்டுமுறை சொல்லச் சொன்னான். மூன்றாம் முறை கேட்பதற்குள் துணியை மூட்டை கட்டிவிட்டான். அவன் கப்பலேறிய அன்றோடு எனக்கு அந்த வீட்டில் இலை நின்றது. ஓட்டல் சோறு தின்று இளைத்தேன். கிழங்கை அக்கா கிணற்றடியில் விட்டெறிந்திருந்தாள். அது அங்கேயே வேர் பிடித்தது. மறுவருஷம் முதல் மழைக்கு ஒரு தண்டு விட்டது.

ஒருநாள் காலையில் அந்தப் பக்கம் போன என்னை அக்கா கூப்பிட்டு மொட்டைக் காட்டினாள். "இது செவப்புதானல? ஆத்தா வேண்டாம்னுல்லா சொல்லியிருக்கா. நீதான் எம் புள்ளையப் பறிகொடுத்துட்டு வந்திருக்கே."

சாயங்காலம்வரை பொறு என்றேன். அவள் துணி துவைக்கிற சாக்கில் கிணற்றடியை விட்டு நகரவில்லை. நான் சுவருக்கு அந்தப்புறம் நின்றேன். பொழுது சாய மொட்டு தளர்ந்து, ஒவ்வொரு இதழாகப் பின்னால் வளைந்தது. அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கிட்டப் போய்க் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

அப்புறம் உள்ளே போய் இலையைப் போடும் சத்தம் கேட்டது. நான் போய் உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டாள், உள்ளிக் குழம்பை ஊற்றினாள். நான் இரண்டு வாய் சாப்பிடும்வரை காத்திருந்தாள்.

"கோடு ரொம்ப மெலிசாத்தானல இருக்கு," என்றாள். "கப்பல் என்னைக்குப் போகுதுன்னு கேட்டுட்டு வா."